ஆதிமனிதனுக்கு அம்மா கிடையாதா?

"ஆதிமனிதன் குகையில் வாழ்ந்தான். ஆதிமனிதன் பச்சை மாமிசம் உண்டான். ஆதிமனிதன் இலைதழைகளை உடுத்தினான். ஆதிமனிதன் கற்களை உரசித் தீயைக் கண்டுபிடித்தான்."

ராகம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள் என் மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது. ஏழெட்டு தடவை சொல்லி முடித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அப்பா, அவனுக்கு அம்மா கிடையாதா?"

"எவனுக்கு?"

"ஆதிமனிதனுக்கு. எல்லாத்தையும் அவனே செய்யறான். தனியாவா இருந்தான்?"

சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். எதற்கும் பார்ப்போமே என்று புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். அவள் கேட்டதில் தப்பே இல்லை. அந்த இரண்டு பக்கத்திலும் ஒரு பெண் இல்லை, ஒரு குழந்தை இல்லை, ஒரு கிழவர்கூட இல்லை. தாடியும் தடியுமாக ஒரே ஒருவன் எல்லாப் படத்திலும் நிற்கிறான். இதற்கு நம் இலக்கணமும் உடந்தை. 'ஆதிமனிதன்' என்று தொடங்கிவிட்டால் 'வாழ்ந்தான்', 'உண்டான்', 'உடுத்தினான்' என்று 'ஆன்' விகுதி தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. பல லட்சம் ஆண்டுகள், எத்தனையோ தலைமுறைகள், அத்தனை பேரும் ஒற்றை ஆம்பிளைக்குள் அடங்கிவிடுகிறார்கள். அன்றைக்கு இருவருமாகப் பென்சிலை எடுத்து எல்லா 'ஆன்'களையும் 'ஆர்கள்' ஆக்கினோம். பரீட்சையில் மட்டும் 'வாழ்ந்தான்' என்றே எழுதிவிடு என்று சொல்லிவைத்தேன். நான் அவ்வளவு பெரிய புரட்சிக்காரன் இல்லை.

அந்தப் பென்சில் திருத்தத்தில் தொடங்கியதுதான் இதெல்லாம். நான் ஆசிரியனும் இல்லை, தொல்லியல் படித்தவனும் இல்லை. அவளுடைய சிநேகிதக் குட்டிகள் பத்துப் பன்னிரண்டு பேரை வாரம் ஒரு நாள் உட்கார வைத்து ஆதிமனிதர்கள் கதை பேசுவேன். ஐந்திலிருந்து எட்டு வயது வரை உள்ள கூட்டம்.

முதல் வாரம் படுதோல்வி. "முப்பது லட்சம் வருடங்களுக்கு முன்னால்..." என்று ஆரம்பித்தேன். ஐந்து வயதுக்கு முப்பது லட்சமும் ஒன்றுதான், போன தீபாவளியும் ஒன்றுதான். "அப்போ டைனோசர் அவங்களைத் துரத்துமா?" என்றான் ஒருவன். இல்லை என்றேன். "அப்போ உங்க தாத்தா அவங்களைப் பார்த்திருக்காரா?" என்றாள் இன்னொருத்தி. அதோடு அன்றைய வகுப்பு முடிந்தது.

அடுத்த வாரம் ஒரு கம்பளி நூல்கண்டோடு போனேன். ஒரு சென்டிமீட்டர் நூல் ஆயிரம் வருடம் என்று வைத்துக்கொண்டோம். நூலின் நுனியில் ஒரு முடிச்சு. அது இன்றைக்கு, நாம் உட்கார்ந்திருக்கும் இந்த நிமிடம். அங்கிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் எழுத்து பிறக்கிறது. 12 சென்டிமீட்டருக்குள் பயிர்த்தொழில் வந்துவிடுகிறது. அரை மீட்டரில் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் யாரோ குகைச் சுவரில் காட்டுப்பன்றி வரைகிறார்கள். 51,200 வருடம் பழையது என்று 2024இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். 3 மீட்டரில் நம்மைப் போன்ற ஹோமோ சேப்பியன்ஸ், மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்த எலும்புகளின் கணக்குப்படி. 15 மீட்டரில் சென்னைக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகள். 33 மீட்டரில் கென்யாவின் லோமெக்வியில் கிடைத்த கல்கருவிகள். இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவை அவைதான். தாழ்வாரம் போதவில்லை, நூலைத் திருப்பிக்கொண்டு வந்தோம்.

"மாமா, டைனோசர் முடிச்சு எங்க?"

660 மீட்டர். நூல் அவ்வளவு இல்லை. அதனால் நடந்தே போனோம், காலடியை எண்ணிக்கொண்டு, தெருவைத் தாண்டி, திருப்பத்தையும் தாண்டி. போய்ச் சேர்வதற்குள் ஒருத்தி கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். டைனோசர் துரத்துமா என்று கேட்ட பையன் அங்கே நின்று திரும்பிப் பார்த்தான். நூல் கிடந்த இடம் கண்ணுக்கே தெரியவில்லை. "அவ்ளோ தூரத்திலிருந்து எப்படித் துரத்தும்!" என்றான். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு யாருமே கேட்டதில்லை. நூறு வயது வாழ்ந்த ஒரு பாட்டியின் ஆயுள் அந்த நூலில் ஒரு மில்லிமீட்டர் என்று சொன்னபோதுதான் எனக்கே கொஞ்சம் தலை சுற்றியது.

நூலுக்கு அடுத்தது காலடி. குழந்தைகளுக்கு எலும்பைவிடக் காலடித்தடம்தான் சீக்கிரம் புரிகிறது என்பது என் அனுபவம். எலும்பு செத்துப்போனவருடையது. தடம் நடந்துகொண்டிருப்பவருடையது. தான்சானியாவில் லேட்டோலி என்ற இடத்தில் 1978இல் மேரி லீக்கியின் குழுவினர் வரிசையாகக் காலடிகளைக் கண்டார்கள். எரிமலைச் சாம்பல் விழுந்து கிடக்கிறது, மழை தூறி அது சேறாகிறது, அதன்மேல் சிலர் நடந்து போகிறார்கள். பிறகு அது சிமென்ட் போல இறுகி, மேலே இன்னும் சாம்பல் விழுந்து மூடிவிடுகிறது. 36 லட்சம் வருடத்துக்கும் மேலாக அப்படியே இருந்திருக்கிறது. அதில் ஒருவர் மற்றவரின் தடத்திலேயே கால் வைத்து நடந்திருக்கிறார். இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஈர மணலில் அப்பா அம்மா காலடியில் கால் வைத்து நடக்காத குழந்தை உண்டா?

ஒரு பெரிய தட்டில் களிமண்ணைக் குழைத்துப் பரப்பினேன். நான் வெளியே போய்விட, நடந்தும் ஓடியும் நொண்டியும் அவர்கள் தடம் பதிப்பார்கள். நான் வந்து யார், என்ன செய்தார்கள் என்று கண்டுபிடிக்கவேண்டும். ஓடினால் முன்பாதம் ஆழமாகப் பதியும், நின்றால் குதிகால் பதியும். இரண்டாவது சுற்றிலேயே என்னை ஏமாற்றக் கற்றுக்கொண்டார்கள்; ஒருத்தன் தம்பியை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு நடந்து வைத்தான். தடம் ஏன் இவ்வளவு ஆழம் என்று நான் முழித்த முழியில் அவர்களுக்கு ஒரே சந்தோஷம். அந்த விளையாட்டிலிருந்து ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது: "எப்படித் தெரியும்?" நான் எதைச் சொன்னாலும் இப்போது யாராவது ஒருவர் அதைக் கேட்டுவிடுகிறார்கள். சில நாள் பதில் இல்லாமல் மாட்டிக்கொள்கிறேன்.

லூசியை அறிமுகப்படுத்தியது சுவரில் ஒரு கோடு போட்டு. எத்தியோப்பியாவில் 1974இல் கிடைத்த 32 லட்சம் வருடத்து எலும்புக்கூடு. லேட்டோலியில் நடந்தவர்களும் இவள் இனத்தார்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அவள் உயரம் ஏறக்குறைய 1.1 மீட்டர். கோட்டில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஐந்து வயதுக்காரி ஒருத்திக்கு அச்சாகப் பொருந்தியது.

"அப்போ லூசி பாப்பாவா?"

இல்லை, முழுசாக வளர்ந்த பெண். ஞானப்பல்கூட முளைத்துவிட்டது. இந்தக் கடைசித் தகவல்தான் அவர்களை அசத்தியது. அவர்களில் பாதிப் பேருக்கு அப்போது முன்பல்லே இல்லை.

'கற்காலம்' என்ற சொல்லோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. யாராவது முரட்டுத்தனமாக நடந்தால் கற்கால மனிதன் என்று வைகிறோம். ஆனால் அந்தப் பெயர் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதால் வந்ததல்ல, எது மிஞ்சியது என்பதால் வந்தது. இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. சரி, புதைத்துப் பார்ப்போம் என்று ஒரு பெரிய மண்தொட்டியை எடுத்துக்கொண்டோம். ஒரு கூழாங்கல், ஒரு நத்தை ஓடு, ஒரு பச்சை இலை, கொஞ்சம் பருத்தி நூல், ஒரு காகிதத் துண்டு, ஒரு தீக்குச்சி, ஒரு பறவை இறகு. எல்லாவற்றையும் புதைத்து, தினமும் தண்ணீர் ஊற்றி, மூன்று மாதம் கழித்துப் பழைய பல்துலக்கியால் மெதுவாக மண்ணைத் தள்ளித் தோண்டினோம். தொல்லியலாளர் வேஷம் போட ஆளாளுக்குப் போட்டி. கல் இருந்தது. ஓடு இருந்தது. இறகின் தண்டு மட்டும் அழுக்காகக் கிடந்தது. தீக்குச்சி தொட்டதும் உதிர்ந்தது. இலை, நூல், காகிதம் போன இடம் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி கேட்டாள்: "அப்போ அவங்ககிட்ட நூல் இருந்து, நமக்குத்தான் தெரியாமப் போச்சோ?"

எட்டு வயசு அவளுக்கு. பிரான்சில் அப்ரி து மாரா என்ற இடத்தில், நமக்கு நெருங்கிய சொந்தமாக இருந்து மறைந்துபோன நியாண்டர்தால் மனிதர்கள் பயன்படுத்திய ஒரு கல்கருவியில் நூல் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததை 2020இல் அறிவித்தார்கள். ஆறு மில்லிமீட்டர் நீளம்தான். மரப்பட்டை நாரைத் தனித்தனி இழையாக முறுக்கி, மூன்று இழையை எதிர்ப்பக்கமாகச் சேர்த்து முறுக்கிய புரி. நாற்பதாயிரம் வருடத்துக்கும் மேல் பழையது. நூல் இருந்தால் முடிச்சு இருக்கும், பை இருக்கும், வலை இருக்கலாம், குழந்தையை முதுகில் கட்டிக்கொள்ளத் தூளி மாதிரி ஏதாவது இருக்கலாம். எல்லாம் மக்கிவிட்டது. கல் மட்டும் கிடந்து சாட்சி சொல்லப்போய், வாழ்க்கை முழுக்கக் கல்லாலேயே ஆனது போல ஆகிவிட்டது. மரக்காலம் என்றோ நார்க்காலம் என்றோ சொன்னாலும் தப்பில்லை.

இலைதழை உடையும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. ஆடை மக்கிவிடும், ஆனால் ஆடையில் குடியிருந்த பேன் சாட்சி சொல்கிறது. தலைப்பேனும் ஆடைப்பேனும் ஒரே வம்சம். ஆடை என்று ஒன்று வந்த பிறகுதான் ஆடைப்பேன் தனிக்குடித்தனம் போயிருக்கமுடியும். இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டு, 83,000 ஆண்டுகளுக்கு முன்பே, ஒருவேளை 1,70,000 ஆண்டுகளுக்கு முன்பே, அந்தப் பிரிவு நடந்திருக்கும் என்று 2011இல் கணக்கிட்டார்கள். பேன் என்றதும் வகுப்பே தலையைச் சொறிந்தது. இந்த ஒரு கதைக்காக மட்டும் என்னிடம் இரண்டு மூன்று முறை திரும்ப வந்திருக்கிறார்கள்.

குகையும் அப்படித்தான். எல்லோரும் குகையில் வாழ்ந்தார்கள் என்றால் அவ்வளவு குகைக்கு எங்கே போவது? பெரும்பாலும் வெட்டவெளியில், ஆற்றோரத்தில், கூடாரம் போட்டு, இடம் மாறி மாறி வாழ்ந்திருப்பார்கள். குகை ஒரு பெட்டி மாதிரி, உள்ளே கிடந்தது தப்பிக்கும். உக்ரைனில் மெஜிரிச் என்ற ஊரில் 1965இல் ஒரு விவசாயி தன் நிலவறையைப் பெரிதாக்கத் தோண்டப்போய் மாமத் யானையின் தாடையெலும்பில் மண்வெட்டி இடித்தது. தோண்டத் தோண்ட, மாமத் எலும்புகளை அடுக்கிக் கட்டிய குடில்கள். யானைத் தாடைகளைச் சீராக அடுக்கிச் சுவர் எழுப்பியவர்களைக் 'குகைமனிதன்' என்றால் எப்படி?

கல்லை உடைத்துக் கருவி செய்வது எப்படி என்று காட்டலாம் என்று நினைத்து நானே முதலில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு சாயங்காலம். கிடைத்தது ஒரு வீங்கிய கட்டைவிரலும் ஒரு குவியல் ஜல்லியும். ஒரு சில்லு பறந்து மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறித்தபோது, குழந்தைகளோடு இது வேண்டாம் என்று முடிவு செய்தேன். எந்தக் கல், எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு வேகத்தில் என்று ஒவ்வொன்றும் தெரிந்திருக்கவேண்டும். ஒரு அடி தப்பினால் அதுவரை செய்தது பாழ். 'வெறும் கல்' என்று அதற்குப் பிறகு என் வாயில் வருவதில்லை.

கல்லுக்குப் பதில் சோப்புக்கட்டியும் ஐஸ் குச்சியும் கொடுத்தேன். கைக்கோடரியின் வடிவம்: ஒரு பக்கம் கூர், மறுபக்கம் உள்ளங்கைக்கு உருண்டை, இரு புறமும் ஒரே சீராக. நான்கு பேருக்கு மட்டும் செய்யச் சொல்லிக்கொடுத்து, அவர்களை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். பாதிப் பேர் பேசிக் கற்றுக்கொடுக்கலாம். பாதிப் பேர் வாயைத் திறக்கக்கூடாது. பேசிய கூட்டத்தில் ஒரே சண்டை, "அப்படி இல்ல", "நீ சொன்னது தப்பு". வாய்மூடிய பக்கம் வேறு மாதிரி இருந்தது. கற்றுக்கொடுத்த பையன் கொஞ்ச நேரம் சைகை காட்டிப் பார்த்தான். பிறகு தன் சோப்பைக் கீழே வைத்துவிட்டு எதிரில் இருந்தவளின் கையைப் பின்னாலிருந்து பிடித்து, குச்சியைச் சாய்த்து, அவள் கையோடு சேர்த்து இழுத்தான். சுருளாக ஒரு சீவல் வந்து விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், அவன் தலையாட்டினான். லட்சக்கணக்கான வருடம் கைக்கோடரி தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் கைமாறி வந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. ஆய்வு முடிவெல்லாம் இல்லை, பார்த்துக்கொண்டிருந்தவனின் நினைப்புதான்.

தீ பற்றி ஒரே ஒரு வார்த்தை. இரண்டு கூழாங்கல்லை உரசினால் தீ வராது. என் மகள் அரை மணி நேரம் உரசிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தின் மேல் கோபப்பட்டாள். சிக்கிமுக்கிக் கல்லோடு பைரைட் போன்ற இரும்புத் தாது உள்ள கல் மோதவேண்டும், இல்லையென்றால் கட்டையில் கட்டையைக் கடையவேண்டும். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, மின்னல் விழுந்து எரிந்த காட்டிலிருந்து எடுத்து வந்த நெருப்பை அணையாமல் காத்திருக்கலாம். தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில், வாசலிலிருந்து 30 மீட்டர் உள்ளே, 10 லட்சம் வருடத்துச் சாம்பலும் கருகிய எலும்பும் கிடைத்திருக்கின்றன. ஆக, ஒருவர் 'கண்டுபிடித்த' கதையைவிட, ராத்திரி முழுக்க யார் முறை வைத்து விழித்திருந்தார்கள் என்ற கதைதான் குழந்தைகளுக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு தப்பும் செய்தேன். டவுங் குழந்தையின் கதையை ஐந்து வயதுக்காரர்களிடம் சொன்னது. தென்னாப்பிரிக்காவில் 1924இல் கிடைத்த மூன்று நான்கு வயதுக் குழந்தையின் மண்டையோடு அது. கண்குழியில் இருக்கும் கீறல்களை வைத்து, பெரிய கழுகு ஒன்று அதைத் தூக்கிப் போயிருக்கவேண்டும் என்கிறார்கள். எனக்கு அது நல்ல துப்பறியும் கதையாகப் பட்டது. அன்று ராத்திரி ஒரு குட்டிப்பெண் ஜன்னலை மூடாமல் தூங்கமாட்டேன் என்று அழுதிருக்கிறாள். அவள் அம்மா போனில் என்னிடம் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் சுட்டது. பயமே கூடாது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அபாயத்தைச் சொன்னால் பக்கத்திலேயே காவலையும் சொல்லவேண்டும். அந்தக் குழந்தையை யாரோ தேடியிருப்பார்கள், அழுதிருப்பார்கள் என்றுகூட நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் பரிகாரமாகப் பல்லில்லாத கிழவரைக் கொண்டுவந்தேன். ஜார்ஜியா நாட்டின் தமானிசியில் கிடைத்த ஏறக்குறைய 17 லட்சத்து 70 ஆயிரம் வருடத்து மண்டையோடு. ஒரே ஒரு பல்லைத் தவிர எல்லாம் விழுந்து, பல்லிருந்த குழிகளும் எலும்பு வளர்ந்து மூடியிருந்தன. அதாவது பல் போன பிறகும் அவர் வருடக்கணக்கில் உயிரோடு இருந்திருக்கிறார்.

"எப்படிச் சாப்பிட்டாரு?"

அவர்களே பதிலைப் பிடித்தார்கள். யாராவது மென்று கொடுத்திருப்பார்கள். நசுக்கிக் கொடுத்திருப்பார்கள். மூளையும் மஜ்ஜையும் மெல்ல வேண்டாம். "அவரே கல்லால நசுக்கித் தின்னிருக்கலாமே?" என்றான் ஒருவன். ஆமாம், அதுவும் நடந்திருக்கலாம். அறிஞர்களே இதில் இரண்டாகத்தான் பிரிந்து நிற்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் 'இருக்கலாம்' என்பது மரியாதையான சொல். 'தடம் இருக்கிறது' என்பது ஒன்று, 'இருக்கலாம்' என்பது வேறு. எதைச் சொன்னாலும் எந்தப் பெட்டியில் போடுவது என்று அவர்கள்தான் தீர்ப்பு.

இராக்கின் ஷானிதார் குகையில் கிடைத்த நியாண்டர்தால் மனிதரைப் பற்றிச் சொன்னபோது அந்தப் பெட்டிகள் நன்றாக உதவின. வலது முன்கை இல்லை, ஒரு கண் பக்கம் பலத்த அடி, காதுத் துவாரங்களில் எலும்பு வளர்ந்து அடைப்பு. நாற்பதை ஒட்டிய வயது வரை வாழ்ந்திருக்கிறார். காயங்கள் ஆறியிருக்கின்றன: தடம் இருக்கிறது. கூட இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்: இருக்கலாம். "இது ரொம்ப இருக்கலாம்," என்றாள் என் மகள்.

பெருவில் 9,000 வருடம் பழைய புதைகுழி ஒன்றில் வேட்டைக் கருவிகள் வைத்துப் புதைக்கப்பட்டிருந்தவர் பதினேழு முதல் பத்தொன்பது வயதுப் பெண் என்று 2020இல் தெரியவந்தது. இதை நான் பெரிதாக விளக்கவில்லை. 'வேட்டையாடினான்' என்று யாராவது சொன்னால் ஏழெட்டுக் குரல் சேர்ந்து 'னார்கள்!' என்கிறது. போதும்.

இரண்டு கேள்விகள் எப்படியும் வரும். ஒன்று, குரங்குதான் நமக்குப் பாட்டியா? இல்லை, சிம்பன்சி நமக்கு ஒன்றுவிட்ட சகோதரி. இருவருக்கும் பொதுவான ஒரு கொள்ளுப்பாட்டி அறுபது எழுபது லட்சம் வருடத்துக்கு முன்னால், நூலில் அறுபது எழுபது மீட்டர் தூரத்தில் இருந்தாள். குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் அந்த வரிசைப் படத்தை நான் காட்டுவதே இல்லை. வரிசை அல்ல அது, புதர். சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு சிறு எலும்புத் துண்டு, நியாண்டர்தால் அம்மாவுக்கும், டெனிசோவா என்ற மறைந்துபோன இன்னொரு மனித இனத்து அப்பாவுக்கும் பிறந்த பதின்மூன்று வயதையொட்டிய பெண்ணுடையது என்று 2018இல் கண்டார்கள். அந்தப் பெண்ணை எந்த வரிசையில் நிற்க வைப்பது?

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கூச்சமானது. "காட்டுல இப்போ இருக்கிறவங்கதானே ஆதிமனிதர்கள்?" இதற்கு நூலைத்தான் எடுக்கிறேன். நுனி முடிச்சைக் காட்டி, இன்று வேட்டையாடி வாழும் மக்களும் இதே முடிச்சில்தான் நம்மோடு நிற்கிறார்கள் என்கிறேன். அவர்களுக்கும் பின்னால் அதே நீளம்தான். பழங்காலத்திலிருந்து மிச்சமாக நிற்பவர்கள் என்று யாரும் கிடையாது.

ஓவியத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒன்றே ஒன்று. ஸ்பெயினில் அல்தமிரா குகையில் 1879இல் ஒரு அப்பா தரையைக் குனிந்து குனிந்து கல்கருவி தேடிக்கொண்டிருந்தார். கூடப் போன எட்டு வயது மகள் மரியா தலையை நிமிர்த்தி, "அப்பா, மாடுகள்!" என்று கூவியதாகச் சொல்வார்கள். கூரை முழுக்கக் காட்டெருமைகள். இவ்வளவு அழகாக ஆதிமனிதர் வரைந்திருக்கமுடியாது என்று அறிஞர்கள் நம்பவில்லை, மோசடி என்றும் சொன்னார்கள். அந்த அப்பா 1888இல் இறந்துபோனார். 1902இல்தான் தப்பு எங்களுடையது என்று ஒரு பெரிய அறிஞர் எழுதினார். "அவங்க மரியாகிட்டக் கேட்டிருக்கலாம்ல?" என்று எங்கள் வகுப்பில் ஒரு குரல்.

பிரான்சின் ரூஃபின்யாக் குகையில் மென்மையான சுவரிலும் கூரையிலும் விரலால் இழுத்த கோடுகள் இருக்கின்றன. நடுவிரல்கள் மூன்றின் அகலத்தை அளந்து, பல கோடுகள் சின்னக் குழந்தைகளுடையவை என்று கண்டார்கள். அதிகம் இழுத்தவள் ஐந்து வயதையொட்டிய ஒரு சிறுமியாம். கூரை குழந்தைக்கு எட்டாது. யாரோ தூக்கிப் பிடித்திருக்கவேண்டும். கோடுகள் நீண்டுகொண்டே போகின்றன. ஆக, தூக்கியவர் நின்ற இடத்தில் நிற்கவில்லை, நடந்திருக்கிறார். மேசைக்கு அடியில் காகிதத்தை ஒட்டி, மல்லாந்து படுத்து, சாயம் தோய்த்த விரலால் கோடு இழுத்துப் பார்த்தோம். சாயம் கண்ணிலும் வாயிலும் சொட்டியது. அதற்காகத் திட்டு வாங்கியது நான்தான்.

கடைசியாக வைத்துக்கொள்வது அமெரிக்காவின் ஒயிட் சாண்ட்ஸ் காலடிகளை. அதற்கு நான் படம்கூடக் காட்டுவதில்லை, விளக்கை அணைத்துவிட்டுச் சொல்கிறேன். 10,000 ஆண்டுகளுக்கும் முன்னால், ஒரு ஏரிக்கரைச் சேற்றில், ஒருவர் வேகமாக நடந்து போகிறார். இளம்பெண்ணாக இருக்கலாம், பதின்வயதுப் பையனாகவும் இருக்கலாம். ஒன்றரை கிலோமீட்டர், நேர்கோட்டில். அங்கங்கே வழுக்கியிருக்கிறது. இடையிடையே அவர் தடத்தின் பக்கத்தில் குட்டித் தடம் ஒன்று முளைக்கிறது, சற்று நேரத்தில் காணாமல் போகிறது. இரண்டு மூன்று வயதுக் குழந்தை. இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள், கை வலிக்கிறது, இறக்கிவிடுகிறார்கள், மறுபடி தூக்குகிறார்கள். அவர்கள் போன பிறகு ஒரு மாமத் குறுக்கே போகிறது, எதையும் கண்டுகொள்ளாமல். இன்று மரத்தில் தொங்கும் ஸ்லாத் என்ற விலங்கின் ராட்சதச் சொந்தம் ஒன்றும் வருகிறது. அது மட்டும் பின்னங்காலில் எழுந்து நின்று சுற்றிப் பார்த்திருக்கிறது. பிறகு அதே ஆள் அதே வழியில் திரும்பி வருகிறார். விலங்குகளின் தடத்தின்மேல் அவர் காலடி விழுந்திருப்பதால் வரிசை தெரிகிறது. ஆனால் திரும்பும்போது குட்டித் தடம் இல்லை. இடுப்பில் பாரம் இருந்ததற்கான அடையாளமும் இல்லை.

போன மாதம் இதைச் சொல்லி நிறுத்தியபோது ஒருவரும் பேசவில்லை. கழுகுக்குப் பயந்து ஜன்னலை மூடச் சொன்ன அதே குட்டிப்பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பாட்டிகிட்ட விட்டுட்டு வந்திருப்பாங்க."

"எப்படித் தெரியும்?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"இருக்கலாம்," என்றாள்.

விளக்கைப் போட்டேன். அவள் அதற்குள் தட்டிலிருந்த களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தி அழுத்தி வரிசையாகக் குட்டித் தடம் பதித்துக்கொண்டிருந்தாள். மறு ஓரத்தில் பெரிதாக இரண்டு பாதம் வேண்டுமாம். என்னைச் செருப்பைக் கழற்றச் சொன்னாள்.